முதலாம் எதிர்மனுதாரருக்கு ஒரே ஒரு ஸ்டார்

வக்கீலம்மா பட்டறைக்குள் காலை வைத்ததும் கண்ணில் பட்டது முதலாம் எதிர்மனுதாரர்தான். இரும்புக் கேட்டு ஒன்றின் ஒரு முனையைத் தோளில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, வாயில் பிஸ்கட்டைக் கவ்வியபடி நின்றுகொண்டிருந்தான். மறுமுனையில் மனுதாரரின் கணவர், பெயின்டர். மனுதாரரோ கவிழ்த்துப் போட்ட ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்து, வலது கையை மடியில் கிடத்திக்கொண்டு, இடது கையால் இரண்டு பேரையும் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் தூக்கு. அந்தப் பக்கம் தொங்குது பாரு. தின்னது எல்லாம் எங்கதான் போகுது உனக்கு?"

"யாரும்மா இது?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"டிரைவர் தம்பிங்க."

"எந்த டிரைவர்?"

"என் கையை உடைச்ச டிரைவர்."

வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துகிற தோரணையில் அவள் அதைச் சொன்னாள். வக்கீலம்மா கைப்பையை வைக்க இடம் தேடினார். எங்கு பார்த்தாலும் இரும்புத் தூள். பையைக் கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டார்.

"நாம யார் மேல கேஸ் போட்டிருக்கோம்?"

"இவன் மேல. அப்புறம் அந்த ரெண்டு இன்சூரன்ஸ் கம்பெனி மேல."

"அப்போ இவர் இங்க என்ன பண்றாரு?"

"கேட்டைப் புடிக்கிறான்."

முதலாம் எதிர்மனுதாரர் பிஸ்கட்டை அவசரமாக விழுங்கினான். "வணக்கம் மேடம். உங்க நோட்டீஸ் கிடைச்சுது. அக்காதான் படிச்சு அர்த்தம் சொன்னாங்க."

வக்கீலம்மாவுக்குத் தலை சுற்றியது. பெயின்டர் அவருக்காக இன்னொரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுத் துணியால் துடைத்தார்.

வெல்டர் அக்கா என்று கேட்டால் அந்தத் தெருவில் எல்லாரும் இந்தப் பட்டறையைக் கை காட்டுவார்கள். ஆண்கள் மட்டுமே நெருப்புக்கு முன்னால் உட்காருகிற தொழிலில் சின்ன வயதிலேயே நுழைந்து, திட்டு வாங்கி, கண் எரிந்து, கை கொப்பளித்து, கடைசியில் அவர்களுக்கே வேலை சொல்லுகிற இடத்துக்கு வந்தவள். அவள் ஒட்டிய இரும்பு, கோடு போட்ட மாதிரி இருக்கும். அந்தக் கோடு முழுக்க வலது மணிக்கட்டில் இருந்தது. அந்த மணிக்கட்டுதான் இப்போது திரும்பவில்லை.

நடந்தது இதுதான். ஊருக்கு வெளியே புதிதாக வீடு கட்டுகிற ஒருவர் கேட்டுக்கு அளவு எடுக்கக் கூப்பிட்டிருந்தார். அளவு நாடா, மட்டக்கோல், மாதிரிக் கம்பிகள் என்று பை கனமாக இருந்ததால் போனில் ஆப் வழியாக வாடகைக் கார் போட்டாள். அவள் ஏறியதிலிருந்து வந்த டிரைவர் ஒரே பேச்சு. இந்த ஊரைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவானாம். ஒவ்வொரு சந்தும் அவனுக்கு அத்துப்படியாம். அவளும் உம் கொட்டிக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் உம் கொட்டுவதை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ஏம்ப்பா, இந்தத் தண்ணி டேங்க் நம்ம கூடவே வருதா?"

டிரைவருக்கு முகம் சுருங்கிப் போனது. "இங்கதான் அக்கா, இந்தத் திருப்பம்தான்."

திரும்பினான். கொஞ்ச நேரத்தில் அதே தண்ணீர் டேங்க் எதிரில் வந்து நின்றது. போனில் கட்டணம் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீ வழி தெரியாம சுத்துறதுக்கு நான் காசு குடுக்கணுமா? முதல்ல அதை நிறுத்து."

"நிறுத்திட்டேன், போதுமா?" அவன் ட்ரிப்பை முடித்துக் காட்டினான். "உங்களை அந்த வீட்டு வாசல்ல இறக்கிவிட்டுட்டுத்தான் போவேன். மேல போற தூரத்துக்கு ஒரு பைசா வேண்டாம்."

ட்ரிப் முடிந்ததும் அவள் போன், பயணம் எப்படி இருந்தது என்று கேட்டது. கேட்டால் சொல்ல வேண்டியதுதானே. காருக்குள் உட்கார்ந்தபடியே ஒரு ஸ்டாரை அழுத்தினாள். கீழே கட்டம் இருந்தது, அதிலும் எழுதினாள்: 'வழி தெரியலை. வாய் மட்டும் தெரியுது.' அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள், யாரோ வீடு கட்ட ரோட்டிலேயே கொட்டி வைத்திருந்த மணலில் சக்கரம் ஏறி வழுக்கி, கார் போய்ச் சுவரில் இடித்தது.

ஸ்டார் போட்ட கைதான் உடைந்தது. இதைப் பெயின்டர் பின்னால் பல பேரிடம் சொல்லிச் சிரித்தார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவர் பதறியடித்து ஓடியபோது, வாசலில் ஒரு பையன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். யார் பெற்ற பிள்ளையோ, யாருக்கு என்ன ஆச்சோ என்று நின்று முதுகைத் தடவித் தேற்றினார். அதற்குப் பிறகுதான் அவன் யார் என்று தெரிந்தது. அதற்குள் முதுகைத் தடவிவிட்டாயிற்றே, இனி எப்படித் திட்டுவது?

மறுநாளிலிருந்து டிரைவர் வீட்டுக்கு வரத் தொடங்கினான். விபத்து நடந்த அன்றே ஆப்காரர்கள் அவன் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். ஒரு தண்ணீர் கேன் வண்டியில் தற்காலிகமாகத் தொற்றிக்கொண்டு, கிடைத்த நேரமெல்லாம் பட்டறையில் கிடந்தான். மருந்து வாங்கி வந்தான். பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனான். வெங்காயம் உரித்தான். அவளை அக்கா என்றான், அதனால் பெயின்டரை மாமா என்றான். மாமாவோ கேஸ் காகிதம் வந்த நாளிலிருந்து அவனை "வாங்க முதலாமவரே" என்றுதான் கூப்பிட்டார்.

எலும்பு சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. பாதி திறந்து பாதியில் சிக்கிக்கொள்கிற கதவு மாதிரி ஆகிவிட்டது மணிக்கட்டு. இடது கையால் ஒட்டிப் பார்த்தாள். ஆட்டுப் புழுக்கை சிந்தினாற்போல் வந்தது. கூலிக்கு ஒரு வெல்டரை வைத்தார்கள். அவன் ஒட்டியதையெல்லாம் பெயின்டரை விட்டு கிரைண்டரில் அறுத்துத் தள்ளச் சொன்னாள். சனிக்கிழமை கூலியை வாங்கிக்கொண்டு அவன் கம்பி நீட்டினான். மறுபடி எலும்பை வெட்டிச் சேர்த்தால் கை பழையபடி திரும்பும் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அந்த ஆபரேஷனுக்கான பணம் பட்டறையை விற்றால் கிடைக்கும். பட்டறையை விற்றபிறகு கை எதற்கு?

ஆகவேதான் கேஸ். அந்தக் கேஸ்தான் இப்போது முட்டிக்கொண்டு நின்றது.

"நல்லா கேட்டுக்கங்க," என்றார் வக்கீலம்மா, டப்பாவின் நுனியில் உட்கார்ந்தபடி. "இவரோட சொந்த கார் இன்சூரன்ஸ் என்ன சொல்லுதுன்னா, இது வாடகைக்கு ஓடின வண்டி, வீட்டு உபயோகம் இல்லை, அதனால நாங்க தர மாட்டோம். ஆப்போட இன்சூரன்ஸ் என்ன சொல்லுதுன்னா, இடிக்கிறதுக்கு முன்னாடியே ட்ரிப் முடிஞ்சு போச்சு, அதனால அது வாடகைப் பயணமே இல்லை, நாங்களும் தர மாட்டோம்."

"அவன் வாடகைன்றான், இவன் வாடகை இல்லைன்றான்," என்றாள் அக்கா. "அப்போ நான் எதுல போனேன்? பறந்தா போனேன்?"

"அதைத்தான் விசாரணையில கேக்கப் போறோம். பயணி வண்டியை விட்டு இறங்குற வரைக்கும் பாதுகாப்பு உண்டுன்னு அவங்க பாலிசியிலயே இருக்கு. அதைப் புடிச்சுக்கிட்டு நான் தைரியமா இருந்தேன். இப்போ இதைப் பாருங்க."

பையிலிருந்து போட்டோக்களை எடுத்துக் காட்டினார். ஆப் இன்சூரன்ஸ்காரர்கள் ஆள் வைத்து எடுத்தவை. டிரைவர் காய்கறிப் பையோடு வீட்டுக்குள் நுழைகிறான். டிரைவரும் அக்காவும் பட்டறை வாசலில் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார்கள். டிரைவர் பெயின்டரின் சட்டையைப் போட்டிருக்கிறான்.

"என் சட்டை!" என்றார் பெயின்டர். "தேடிக்கிட்டே இருந்தேன்."

"நீங்க எல்லாரும் ஏற்கெனவே சொந்தமாம். ட்ரிப்பை வேணும்னே முடிச்சுட்டு உங்க சொந்த வேலையா போனீங்களாம். இடிச்சதும் கம்பெனி தலையில கட்டுறீங்களாம். முன்னப் பின்ன தெரியாதவங்கன்னு நான் எப்படி நிரூபிக்கிறது? எதிர்மனுதாரரை மடியில வெச்சுக் கொஞ்சுறீங்களே! விசாரணைக்காவது தனித்தனியா வாங்க. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காதீங்க."

வெல்டர் அக்கா மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். இந்தப் பையனை வீட்டுக்குள் விட்டதற்குக் கை போய்விடுமா?

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் டிரைவர் வந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது. ஆப்காரர்களிடமிருந்து செய்தி வந்திருந்தது. விசாரணை எப்படி முடிந்தாலும் கணக்கைத் திறப்பதா வேண்டாமா என்று அவனுடைய ஸ்டார்களையும் பார்ப்பார்களாம். அவனுடைய சராசரி தேவையானதை விட மயிரிழை குறைகிறது.

"அந்த ஒண்ணே ஒண்ணுதான் அக்கா. எல்லாரும் அஞ்சு, நாலுன்னு போட்டிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் அடிமட்டத்துல போட்டுருக்கீங்க. இப்பக்கூட மாத்தலாம். மாத்த சொல்லி உங்களுக்கே அப்பப்போ வருமே?"

வந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் கருத்தை மாற்ற விரும்புகிறீர்களா என்று. அவள் ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

இது அந்த வீட்டில் பழைய சண்டை. காபி டம்ளரோடு தொடங்கிச் சிரிப்போடு முடிகிற சண்டை. இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"போட்டுத் தொலையேன்," என்றார் பெயின்டர். "உன் சொத்தா குறையப் போகுது?"

அவள் போனை எடுத்தாள். அந்த ட்ரிப் அங்கேயே இருந்தது. ஐந்து ஸ்டாரில் ஒன்று மட்டும் நிறத்தோடு, மற்ற நான்கும் வெறும் கூடு. இடது கட்டை விரலை மேலே கொண்டுபோனாள்.

"அன்னைக்கு நீ வழி தெரியாம சுத்தினியா இல்லையா?"

"சுத்தினேன்."

"ஊரே அத்துப்படின்னு அளந்தியா இல்லையா?"

"அளந்தேன்."

"அப்புறம் எப்படி அஞ்சு?"

"அதுக்கப்புறம் எவ்வளவு நல்லவனா நடந்துக்கிட்டான், அதைப் பாரு," என்றார் பெயின்டர்.

"நல்லவன்தான். யாரு இல்லேன்னா? ஆனா நல்லவனான்னு அதுல கேக்கலையே. ட்ரிப் எப்படி இருந்துச்சுன்னுதானே கேக்குறான்."

விரல் கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அழுத்திவிடலாம் என்றுதான் இருந்தது. இவன் பிழிந்து கொடுத்த துணிகள், ஆஸ்பத்திரி வரிசையில் இவன் நின்ற நிற்பு, எல்லாம் கண்முன் வந்தன. அதே நேரம் இன்னொன்றும் வந்தது. அவளுடைய சொந்தத் தம்பி வீட்டுக் கேட்டில் அவசரத்தில் விழுந்த ஒரு பொத்தல் இணைப்பு. பெயின்ட் அடித்தால் தெரியாது, விடு என்றான் தம்பி. விடவில்லை, வண்டியில் ஏற்றின கேட்டை இறக்கி, அறுத்து, மறுபடி ஒட்டினாள். தம்பி கோபித்துக்கொண்டு நெடுநாள் பேசவில்லை. உறவுக்காக இரும்பு ஒட்டிக்கொள்ளாது. அந்த விஷயத்தில் அவளுக்கு வளையத் தெரியாது.

போனைப் பக்கத்திலிருந்த கல்லின் மேல் கவிழ்த்து வைத்தாள். "மாத்த மாட்டேன்ப்பா. கோவிச்சுக்கோ."

அவன் கோபித்துக்கொண்டான். காபியைத் தொடாமல் எழுந்து போனான். அவன் அந்த வீட்டில் எதையும் தொடாமல் போனது அதுவே முதல் தடவை.

மறுநாள் பஸ்ஸில் அவளும் பெயின்டரும் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் பின்வாசல் வழியாக முதலாம் எதிர்மனுதாரர் ஏறினான். வக்கீலம்மா சொன்னபடி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றான். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அக்கா வலியில் முனகினாள். சற்று நேரத்தில் சுருட்டிய துண்டு ஒன்று ஆள் மாற்றி ஆள் கைமாறி முன்னுக்கு வந்தது.

"யாரோ பின்னாடியிருந்து குடுக்கச் சொன்னாங்க," என்றார் கடைசியாகக் கொடுத்தவர். "கைக்கு அடியில வெச்சுக்கணுமாம்."

அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கணவரை முழங்கையால் இடித்தாள். "காலையில அவன் ஏதாவது சாப்ட்டானான்னு கேளுங்க." பெயின்டர் எழுந்து பின்னால் போனார், வந்தார். "இல்லையாம். சாப்பிடப் போறதும் இல்லையாம். உன்கிட்ட பேசவும் மாட்டானாம்." "பையில பன் இருக்கு, குடுங்க." அவர் மறுபடி போய் வந்தார். "வாங்கிக்கிட்டான், கோவத்தோட திங்கிறான்."

விசாரணை அலுவலகத்தின் நடைபாதையில் நீள பெஞ்சுகள். அக்கா ஒரு கோடியில், டிரைவர் மறு கோடியில். நடுவில் வக்கீலம்மா நடந்துகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், நீங்களாவது சொல்லுங்க. ஒரே ஒரு ஸ்டார். மாத்தச் சொன்னா மாத்த மாட்டேங்குறாங்க. இவங்களுக்காகத்தான் நான் நாயா அலையுறேன்."

"இப்போ எனக்கு அதுக்கு நேரமில்லை," என்று இரண்டு அடி போன வக்கீலம்மா சட்டென்று நின்றார். "என்ன ஸ்டார்?"

"அன்னைக்குப் போட்டாங்களே, வண்டியில உக்காந்துக்கிட்டே."

"வண்டியில உக்காந்துக்கிட்டே? இடிக்கிறதுக்கு முன்னாடியா?"

"ஆமா. திட்டிகூட எழுதியிருக்காங்க. வாய் மட்டும் தெரியுதாம்!"

வக்கீலம்மா அக்காவின் பக்கம் பாய்ந்தார். "ஏம்மா இதை என்கிட்ட சொல்லலை?"

"எங்க வீட்டுச் சண்டைங்க அது. உங்ககிட்ட எதுக்குன்னு விட்டுட்டேன்."

"மாத்திட்டீங்களா?" அவர் குரல் கீச்சென்று உடைந்தது.

"மாத்தலைங்க. அதான் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

வக்கீலம்மா அவள் தலையில் முத்தம் கொடுத்துவிடுவார் போலிருந்தது. "மாத்தாதீங்க! போனையே தொடாதீங்க!" என்றார். சிரித்துக்கொண்டே அவர் உள்ளே போனதைப் பார்த்து, டிரைவர் அன்றைக்கு முதல் முறையாக அக்காவிடம் வாய் திறந்தான்: "இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"என்கிட்ட பேச மாட்டேன்னியே?"

"பேசலை. கேட்டேன்."

உள்ளே விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற மனிதர். டிரைவரின் சொந்த இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் ஓரமாக உட்கார்ந்து, யார் தலையில் விழுந்தாலும் தன் தலையில் விழாமலிருந்தால் சரி என்கிற முகத்தோடு இருந்தார். ஆப் இன்சூரன்ஸின் வக்கீல் உயரமானவர், கோட்டு போட்டவர். எழுந்து நின்று போட்டோக்களைக் கடை பரப்பினார்.

"இவங்க குடும்பமே ஒண்ணுதான் சார். டிரைவர் மனுதாரரை அக்கான்னு கூப்பிடுறாரு. அவங்க கணவரை மாமான்னு கூப்பிடுறாரு. அக்கா புருஷன் மாமாதானே? இது உறவு. எங்க ஆள் காதாரக் கேட்டிருக்காரு."

அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "நீங்க இங்க எதுல வந்தீங்க?"

"ஆட்டோவில சார்."

"ஆட்டோக்காரரை என்னன்னு கூப்பிட்டீங்க?"

கோட்டு வக்கீல் அசடு வழிந்தார். "அண்ணேன்னு… அது ஒரு மரியாதைக்கு சார்."

"உங்க அண்ணன் எவ்வளவு வாங்கினாரு?"

அறை சிரித்தது. ஓரத்து வக்கீல்கூடச் சிரித்தார். ஆனாலும் சட்டையும் காய்கறியும் மேஜை மேல்தான் கிடந்தன. அதிகாரி அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வெல்டர் அக்காவின் இடது கை வலது மணிக்கட்டைத் தானாகத் தடவிக்கொண்டது.

வக்கீலம்மா எழுந்தார். ஆப் கம்பெனி சார்பில் பயண விவரங்களோடு ஒருவர் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். நேராக அவரிடம் போனார்.

"ட்ரிப் முடிஞ்சதும் பயணி ஏதாவது மதிப்பு போட்டாங்களா?"

கம்ப்யூட்டர்காரர் தேடினார். "போட்டிருக்காங்க."

"எத்தனை ஸ்டார்?"

"ஒண்ணு."

"எழுத்துல ஏதாவது?"

அவர் தயங்கினார். கோட்டு வக்கீலைப் பார்த்தார். அதிகாரி, "படிங்க," என்றார்.

"'வழி தெரியலை. வாய் மட்டும் தெரியுது.'"

அதிகாரியின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"வண்டி இடிச்சது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார் வக்கீலம்மா.

"பின்னாடி. உடனே."

"அப்போ இடிக்கிறதுக்கு முன்னாடி, வண்டிக்குள்ள, பயணி டிரைவரைத் திட்டி ஒரு ஸ்டார் குடுத்திருக்காங்க. கூட்டுச் சதி பண்றவங்க இப்படியா சார் ஆரம்பிப்பாங்க?"

கோட்டு வக்கீல் துள்ளி எழுந்தார். "அப்புறம் சிநேகம் ஆகியிருக்கலாமே! போட்டோ சொல்லுதே!"

"ஆகியிருக்காங்க. யார் இல்லைன்னது? அன்னைக்கு முன்னப் பின்ன தெரியாதவங்களான்றதுதான் கேள்வி." வக்கீலம்மா மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "இதை மாத்த முடியுமா?"

"முடியும். நாங்களே அடிக்கடி ஞாபகப்படுத்துவோம்."

"மாத்தினாங்களா?"

"இல்லை. ஒவ்வொரு தடவையும் தள்ளிவிட்டிருக்காங்க."

அதிகாரி நேராக வெல்டர் அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, இந்தத் தம்பி உங்க வீட்டுக்காரர் சட்டையையே போட்டுக்கிட்டுத் திரியுறாரு. உங்களுக்குக் காய்கறி வாங்கித் தர்றாரு. ரெண்டு ஸ்டாராவது ஆக்கக் கூடாதா?"

அவள் எழுந்து நின்றாள். கேட்ட கேள்வி நேரானது. பதிலும் நேராகவே வந்தது.

"காய்கறிக்கு ஸ்டார் போட அதுல இடம் இல்லீங்களே. அன்னைக்கு ஒரே தண்ணி டேங்கைச் சுத்திச் சுத்திக் காட்டினான். கட்டணம் ஏறுதுன்னு நான்தான் ட்ரிப்பை நிறுத்தச் சொன்னேன். காசு வேண்டாம், வாசல்ல இறக்கிவிட்டுட்டுத்தான் போவேன்னு கொண்டுபோனான். அது நல்ல மனசு. ஆனா வழி தெரியலைன்னா தெரியலைதான். நான் எப்படி அதை மாத்த?"

"நேத்துக்கூடக் கெஞ்சினேன் சார்," என்று முதலாம் எதிர்மனுதாரர் பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தான். "காபி குடிக்காமக்கூட வந்தேன். மசியலை சார் இந்த அம்மா!"

"உங்களை யாரும் கேக்கலை, உக்காருங்க," என்று அதட்டிய அதிகாரி, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. புக் பண்ணின இடத்துக்குத்தான் வண்டி போய்க்கொண்டிருந்தது. பயணி இன்னும் இறங்கவில்லை. இறங்கும் வரைக்கும் பாதுகாப்பு உண்டு என்று பாலிசியே சொல்கிறது. பட்டனை அழுத்தினால் ட்ரிப் முடியலாம், பயணம் முடியாது என்றார் அதிகாரி. ஆபரேஷனுக்கும், வேலை இல்லாமல் போன காலத்துக்கும் ஆப் இன்சூரன்ஸ்தான் கொடுக்க வேண்டும். ஓரத்து வக்கீல் தூங்கி எழுந்தவர் மாதிரி சோம்பல் முறித்துக்கொண்டார்.

நடைபாதைக்கு வந்ததும் மனுதாரரும் முதலாம் எதிர்மனுதாரரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்க்கலாமா கூடாதா என்று வக்கீலம்மாவையும் பார்த்தார்கள்.

"இனிமே என்ன வேணா பண்ணிக்கங்க," என்றார் அவர்.

"நீங்க மாத்தியிருந்தா கேஸ் கெட்டிருக்கும் அக்கா," என்றான் டிரைவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நீ வழி தெரிஞ்சு ஓட்டியிருந்தாலும் கெட்டிருக்கும்," என்றாள் அவள். "வா, காபி குடி."

பெயின்டர் நடுவில் புகுந்து இரண்டு பேர் தோளிலும் கை போட்டார். "முதலாமவரே, முதல்ல என் சட்டையைக் கழட்டுங்க."

ஆபரேஷன் முடிந்தது. கட்டு பிரித்த அன்று டாக்டர் கையைத் திருப்பச் சொன்னார். திருப்பினாள். சாவி போட்ட பூட்டு மாதிரி முழுசாகத் திரும்பியது. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் போதும் என்றும் விடவில்லை.

ஆப்காரர்கள் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் சொல்லாமல் டிரைவரின் கணக்கைத் திறந்துவிட்டார்கள். மயிரிழை குறைந்ததை மறுபடி எடைபோட அவர்களுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

முதல் நாள் வேலைக்கு, அதே புது வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்த மனிதர் இன்னும் இரும்புக் கேட்டு வைக்காமல், வாசலுக்குத் தட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு அவள் ஆப்பில் கார் போட்டாள். யார் கார் வரும் என்று அவளுக்குத் தெரியும். அவன் விடிந்ததிலிருந்து தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"ஏறுங்க மேடம்."

"என்ன மேடம்? கழுத்தைத் திருகிடுவேன்."

"டியூட்டியில இருக்கேன், அப்படித்தான் கூப்பிடணும். பெல்ட் போடுங்க."

தண்ணீர் டேங்க் ஒரே ஒரு தடவை வந்தது. வந்த வழியே போய்விட்டது. வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பினான். மணல் கொட்டிக் கிடந்த இடத்தில் நத்தை மாதிரி ஊர்ந்தான். ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. முதலில் அந்தக் கோட்டு வக்கீல் மாதிரி பேசிக் காட்டினான், பிறகு அதிகாரி மாதிரி, கடைசியில் அக்கா மாதிரியே. அவளுக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

வாசலில் நிறுத்தினான். அவள் பையை இறக்கினாள். அவன் போனைக் கையில் பிடித்து, முடிக்கும் பட்டனுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"இறங்கியாச்சா?"

"ஆச்சு."

"ரெண்டு காலும் கீழ இருக்கா?"

"இருக்குடா."

"கையை வண்டிமேல வைக்காதீங்க. ஆங். பை? பை இறங்கிடுச்சா?"

"இப்போ முடிக்கிறியா, இல்லை, இங்கேயே குடித்தனம் பண்ணப் போறியா?"

முடித்தான். அவள் போன் கேட்டது, பயணம் எப்படி இருந்தது என்று. அவள் வலது கட்டை விரலால் அழுத்தினாள், எழுதினாள், போனை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டு வைக்கப்போகும் தூணைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டாள். கார் நகரவில்லை. அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா! நாலுதான் போட்டிருக்கீங்க! ஒண்ணு எங்க?"

"கீழ எழுதியிருக்கேன், படி."

அவன் படித்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

'வழி தெரியுது. வாய் இன்னும் குறையலை.'

அவள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, மணிக்கட்டைச் சுழற்றி, தூணுக்குத் தூண் இழுத்துப் பிடித்தாள்.